பானெட்டைத் திறந்து பார்க்க ஒரு ஆள்

"கொண்ணாந்து காட்டுன்றான். ஓட்டிகினு வராதன்றான். அப்ப இன்னா, கக்கத்துல இடுக்கிகினு போவட்டா?"

அயனம்பாக்கத்தில் எங்கள் தெரு கொஞ்ச நாள் முன்புவரை இந்தப் பேச்சில்தான் விடியும். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு கேட்டுக்குள் பால்ராஜ் அண்ணன் நின்றுகொண்டிருப்பார். பால்காரர், பேப்பர் போடுகிறவர், யார் வந்தாலும் இதே மூன்று வரிதான். குப்பை வண்டி தள்ளும் எல்லம்மாவுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

"கக்கத்துல இன்னாத்துக்கு அண்ணாத்தே? என் வண்டில போடு, நான் தள்ளிகினு போறேன்" என்பாள்.

அவர் சிரிக்கமாட்டார். அவர் முதுகுக்குப் பின்னால், போர்ட்டிகோவில், தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்கும். ஏரிக்காற்றில் தார்ப்பாய் உப்பி அடங்கும். உள்ளே யாரோ மூச்சு விடுகிறமாதிரி இருக்கும். எனக்கு இந்த மாதிரிக் கற்பனையெல்லாம் வராது. எனக்கே அப்படித் தோன்றுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் கடையில் வாங்கியது இல்லை. அவர் கையால் கட்டியது. அதற்கு நம்பர் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. சுற்றி வளைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழை சாயங்காலம். பால்ராஜ் அண்ணன், செலின் அக்கா இவர்களுடைய ஒரே மகள் ஸ்டெஃபி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து வந்துகொண்டிருந்தாள். பைபாஸில் காரை ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். பின்னால் வந்த லாரி இடித்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. லாரி டிரைவர் தப்பை ஒத்துக்கொண்டான், கேஸ் முடிந்தது. அண்ணனுக்கு மட்டும் முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த காரை அவள் ஏன் நிறுத்தினாள்? அவளாக நிறுத்தினாளா, கார் தானாக நின்றுபோனதா?

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அவளுடைய பழைய மாருதிக்கு அவர்தான் பெட்ரோல் ஹோஸ் மாற்றினார். ஹோஸை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளிப் இருக்கும், அது தளர்ந்தால் பெட்ரோல் ஒழுகி வண்டி நின்றுவிடும். அதைக் கடைசிவரை முறுக்கினாரா, இல்லை சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று பாதியில் எழுந்துபோனாரா? அவருக்கு ஞாபகம் இல்லை.

அவருக்கு வேண்டியது நம்பர் பிளேட் இல்லை. வாகனங்களைச் சோதிக்கத் தெரிந்த ஒரு ஆள், பானெட்டைத் திறந்து, அந்த ஒரு கிளிப்பைப் பார்த்து, சரியாக முறுக்கியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவரே பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"ஏம்மா ரெனிதா, நான் போட்டத நானே பாத்து பாஸ் பண்ணா அத்துக்குப் பேரு இன்னா? திருட்டு" என்றார். "ஆவடி பேக்டரில முப்பத்தினாலு வருசம் பிட்டரு நான். நட்ட முறுக்குவேன், நவுந்துடுவேன். அப்பால இன்ஸ்பெக்சன்காரன் வருவான். டைட்டு பாப்பான். நட்டு மேல செவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோடு உழுந்தாத்தான் வண்டி வெளிய போவும். போட்டவன் கோடு இழுத்தான்னு தெரிஞ்சா சஸ்பெண்டு."

"அப்படின்னா ஜம்புலிங்கம் அண்ணன்கிட்ட காட்டுங்க. அவரு இன்ஸ்பெக்சன்லதானே இருந்தாரு?"

ஜம்புலிங்கம் அவருடைய சிநேகிதர். இருவரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள், ஆவடி குவார்ட்டர்ஸில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் கேட்டபோது அவரும் அங்கேதான் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இவனா? கிளிப்பு கையோட கயண்டு வந்தாக்கூட ஓகேன்னுவான்."

"ஆமாம்மா, சொல்லத்தான் செய்வேன்" என்றார் ஜம்புலிங்கம், கடலையை ஊதிக்கொண்டே.

விபத்து நடந்த மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து அந்தக் காரைப் பார்க்கத்தான் செய்தார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தடியில் கார் கிடந்தது. பின்பக்கம் நசுங்கி முன் சீட்டு வரை வந்துவிட்டது. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் குடையைப் பிடித்தபடி ஒரு சுற்று வந்தார். பேனாவால் பானெட்டை இரண்டு தட்டு தட்டினார். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதினார்.

"சார், தொறந்து பாருங்க" என்றார் அண்ணன்.

"பெரியவரே, இடிச்சது பின்னால. முன்னால எதுக்கு?"

நியாயமான பேச்சுதான். மழையில் நின்று வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் திறந்து பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. மகள் போனதைவிட அந்தக் கையெழுத்துதான் இந்த மனிதரைத் தின்கிறதோ என்று எனக்குச் சில சமயம் ஆத்திரமாக வரும்.

காரின் பதிவை ரத்து செய்தார்கள். மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போனது. எஞ்சினையும் பானெட்டையும் மட்டும் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹோஸ், கிளிப் எல்லாம் எஞ்சினோடு அப்படியே இருந்தது. யார் கையும் பட்டுவிடக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டினார். பிறகு எஞ்சினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போய்விட்டார். அங்கே கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஐயா, நாங்க வண்டியத்தான் பாப்போம். வெறும் எஞ்சின என்னன்னு பாக்கறது? வண்டியா கொண்டாங்க, பாக்கலாம்."

போய்த் தொலையட்டும் என்று சொன்ன வார்த்தை அது. நீங்களும் நானும் என்றால் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம். பேக்டரியில் சீட்டில் எழுதிக் கொடுக்கிற வேலை மாதிரி இவர் அதை வாங்கிக்கொண்டார். வண்டியாகக் கொண்டுவரச் சொன்னார்கள், வண்டி செய்ய வேண்டும். இரண்டு வருடம் செய்தார்.

சதுரக் குழாய்களை வெட்டி வெல்டிங் வைத்தார். பூந்தமல்லிப் பக்கம் காயலான் கடைகளில் சக்கரமும் ஸ்டியரிங்கும் தேடிப் பிடித்தார். தகரத்தைத் தட்டித் தட்டி உடம்பு செய்தார். மத்தியானத்தில் கண் அசரக்கூட விடாது அந்தத் தட்டல். கடைசியில் பார்த்தால், முகம் மாருதி மாதிரியும் உடம்பு இட்லிக் குண்டான் மாதிரியும் ஒன்று நின்றது. இரண்டே சீட்டு.

"ரெண்டாவது சீட்டு யாருக்கு?" என்று செலின் அக்கா கேட்டாள். அந்த வண்டியைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

"இன்ஸ்பெக்டருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். போர்ட்டிகோவுக்கு எஞ்சின் வந்த நாளிலிருந்து அவள் முன்வாசல் வழியாக வருவதில்லை. மார்க்கெட், கோயில் எங்கே போனாலும் பின்பக்கம் சாக்கடைச் சந்து வழியாகத்தான் போவாள்.

முதல் தடவை எஞ்சினை ஸ்டார்ட் செய்த அன்று நான் அவள் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் ஆறரை மணி. பின்வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஸ்டெஃபியின் காருக்கு ஒரு சத்தம் உண்டு. சீராக ஓடிக்கொண்டே வந்து நடுவில் ஒரு விக்கல் விக்கும். தெருமுனை திரும்பும்போதே அவள்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பில் பாலை வைத்தாள். டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சை விடாமல் பேசிக்கொண்டே இதையெல்லாம் செய்தாள். "டம்ளர் எங்க வெச்சேன்" என்று திரும்பியவள், என் முகத்தைப் பார்த்து நின்றாள். பால் பொங்கி வழிந்தது. நான்தான் எழுந்துபோய் கேஸை அணைத்தேன்.

பேட்டரி இறங்கிவிடும் என்று அதற்குப் பிறகு தினமும் ஆறரைக்கு ஐந்து நிமிடம் ஓடவிடுவார். அந்த ஐந்து நிமிடமும் அக்கா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். தெருமுனையில் இஸ்திரி போடும் அன்னம்மாள், சத்தம் கேட்டதும் பெட்டியை வைத்துவிட்டு கேட்டையே பார்ப்பாளாம். "இன்னைக்காவது அந்தப் பொண்ணு எறங்குமான்னு கண்ணு போவுதும்மா, நான் இன்னா பண்ண" என்றாள் என்னிடம். நான் அவளைத் திட்டினேன். அதே நேரத்தில் என் கண்ணும் அங்கேதான் போகிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "தினம் ஓடுது, ஒரு சொட்டு ஒழுகல. அப்பக் கிளிப்பு நல்லாத்தானே அண்ணே இருக்கு?"

"நிக்கற வண்டி வேற, பைபாஸ்ல குலுங்கற வண்டி வேறம்மா."

வண்டி தயார், இனிக் காட்ட வேண்டியதுதான் என்று தேதி கேட்க மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனார். அங்கேதான் அந்தச் சிக்கல். கொண்டுவந்தால் பார்க்கிறோம் என்றார்கள். சரி, ஓட்டி வருகிறேன் என்றார். நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்றக் கூடாது, சட்டம் என்றார்கள்.

"இங்க காட்டறதுக்குக் கூடவா?"

"எதுக்கும் கூடாது."

"டெம்பரவரி நம்பர்?"

"கம்பெனி பேப்பர் இருந்தா வாங்கலாம். எந்தக் கம்பெனி செஞ்ச வண்டி?"

"நான் செஞ்சது."

"நீங்க கம்பெனி இல்லையே ஐயா."

வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் தப்பில்லை என்று அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்களோ என்னவோ, இவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஜம்புலிங்கத்தோடு உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தார். இரண்டு கிழவர்களும் சேர்ந்து எடுத்த முடிவைக் கேளுங்கள். அவர்கள் வேலை பார்த்த இடத்தில் புது வண்டி சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது நம்பர் இருக்காது. பின்னால் 'ஆன் டெஸ்ட்' என்று ஒரு பலகை தொங்கும். முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு போவார். அந்த வளாகத்துக்குள் முப்பத்தினாலு வருடமும் அதுதான் நடைமுறை, யாரும் மறித்ததில்லை. அதனால் கொடியும் பலகையும் இருந்தால் நாட்டில் எந்த ரோட்டிலும் போகலாம் என்று இரண்டு பேரும் மனதார நம்பினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கிளம்பினார்கள். ஜம்புலிங்கம் மொபெட்டில் முன்னால், கம்பில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு. பின்னால் இட்லிக் குண்டான். வானகரம் ரோட்டில் ஏறி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் போலீஸ்காரர் கை காட்டினார். ஜம்புலிங்கம் அதை எத்தனையோ தடவை எங்களுக்கு நடித்துக் காட்டிவிட்டார்.

"இன்னா பெருசு, கொடியோட? மாநாட்டுக்கா?"

"டெஸ்ட் வண்டி சார்."

"யாரு டெஸ்ட் பண்றா?"

"அத்தக் கேக்கத்தான் சார் போய்கினு கீறோம்."

"நீ யாரு, மொபெட்டு?"

"நான் பைலட்டு சார்."

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டேதான் கேஸ் எழுதினாராம். வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதே ஸ்டேஷன், அதே வேப்பமரத்தடி. மூன்று வருடத்துக்கு முன் கார் கிடந்த இடத்திலேயே அதன் எஞ்சின் திரும்பப் போய் நின்றது. ஜம்புலிங்கம் இந்த இடத்துக்கு வரும்போது நடிப்பை நிறுத்திவிடுவார்.

ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது. தெருவில் ஆறரை மணிச் சத்தம் இல்லை. அப்பாடா என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் செலின் அக்கா பின்சந்து வழியாக என் வீட்டுக்கு வந்தாள். கையில் எதுவும் இல்லை, கேட்க எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறரை தாண்டியது.

"சத்தம் காணோமே ரெனி" என்றாள்.

"வண்டிதான் ஸ்டேஷன்ல இருக்கேக்கா."

"தெரியுது. இருந்தாலும் காணோமே."

வண்டி திரும்ப வந்தபோது அவள் அண்ணனிடம், "இனி ஓட்டாதீங்க, லாரில ஏத்துங்க. நானும் வரேன்" என்றாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் முன்வாசல் வழியாக இறங்கியது அன்றுதான். பழுதான வண்டிகளைத் தூக்கிப்போகிற லாரியில் காரை ஏற்றினார்கள். அண்ணனும் ஜம்புலிங்கமும் அதில் போக, நானும் அக்காவும் ஆட்டோவில் பின்னால் போனோம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டராக ஒரு பெண் இருந்தார். தாட்சாயிணி என்று பெயர். நாற்பது வயதுகூட இருக்காது. காரைச் சுற்றி வந்தார். குனிந்து வெல்டிங் பார்த்தார். "சுத்தமா இருக்கு வேலை" என்றார். அண்ணன் நிமிர்ந்து நின்றார்.

"ஆனா ஐயா, இதுக்கு நம்பர் தர முடியாது. வெளிநாட்ல கிட் கார்னு சொல்வாங்க, இந்த மாதிரி வீட்ல கட்டுவாங்க. நம்ம ஊர்ல டெஸ்டிங் ஏஜென்சி சர்டிபிகேட் இல்லாம அப்ளிகேஷனே வாங்க மாட்டோம்."

"நம்பர் வேணாம்மா. பானெட்டத் தொறந்து ஒரு கிளிப்பு பாத்து சொல்லுங்க. போதும்."

எந்தக் கிளிப், ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். பானெட் பக்கம் கை போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, அப்ளிகேஷன் இல்லாத வண்டிய நான் தொறந்து பாத்து ஒரு வார்த்தை சொன்னா, அது நான் பாஸ் பண்ண மாதிரி ஆயிடும். பேப்பர் இல்லாம நான் பாக்கக் கூடாது. தப்பா நினைக்காதீங்க."

அண்ணனுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"கரீட்டும்மா" என்றார். "நீதான் இன்ஸ்பெக்டரு." ஜம்புலிங்கத்திடம் திரும்பி, "பாத்தியா, பேப்பர் இல்லாம தொட மாட்டேன்றாங்க பாரு" என்றார், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி. மூன்று வருடமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். சரியான ஆளாக இருப்பதாலேயே அவர் பார்க்க மாட்டார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

லாரியில் காரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செலின் அக்கா அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் போன் பண்ணேன்" என்றாள்.

"யாருக்கு?"

"அவளுக்கு. அன்னிக்கு. மணி ஆறு நாப்பது. மழையா கீதே, இன்னும் காணோமேன்னு. வண்டிய ஓரங்கட்டிட்டு பேசறேன்மான்னா. ஓட்டிகினே பேசாதடின்னு நான்தான தினம் கத்துவேன். ஓரங்கட்டினா. எங்க கீறன்னு கேட்டேன். வந்துட்டேம்மான்னா. அப்ப அந்த சத்தம்."

அவள் அழவில்லை. ரேஷன் கடையில் விவரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "வண்டி நிக்கலங்க. நான்தான் நிக்க வெச்சேன்."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "மூணு வருசமா சொல்லல."

"எப்படிச் சொல்ல?"

"உன் போன்ல கீதா அந்த கால்?"

"அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"அவ போனும் நசுங்கிப் போச்சு." தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சமாதானம் பண்றதுக்காக சொல்ற செலினு. நீ சொல்லுவ. எனக்குத் தெரியும்."

"சத்தியமா."

"சாட்சி இல்லாத சேதிய நான் எப்படி எடுத்துக்கறது?"

ஆட்டோவில் வரும்போது அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் சொன்னதை நான் நம்புகிறேன். அந்தக் குரலில் யாரும் பொய் சொல்ல முடியாது. ஆனால் நான் நம்பி என்ன ஆகப்போகிறது?

கார் இப்போது பழையபடி போர்ட்டிகோவில் நிற்கிறது. துணி சுற்றிய இடத்தை இன்னும் யாரும் தொடவில்லை. மகளைத் தானே கொன்றதாக நினைக்கிற இரண்டு பேர் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் எடுத்துக்கொள்வதில்லை. ஆறரை மணிக்கு எஞ்சின் ஓடுகிறது. அந்த விக்கல் வரும்போது இப்போதெல்லாம் அக்கா பாத்ரூமுக்குப் போவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இதை எழுதச் சொன்னது அவள்தான். "நான் போன் பண்ணதையும் எழுது, மறைக்காத" என்றாள். "கிளிப்பு டைட்டா கீதுன்னு வெளி ஆளு ஒருத்தர் சொல்லிட்டா, நான் சொன்னத அவரு நம்புவாரு. லூஸா கீதுன்னா, அதுவும் தெரிஞ்சு போவட்டும்."

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர்கள் இருப்பீர்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் சொல்லிக்கொடுத்தவர்கள், ஒர்க்‌ஷாப் போர்மேன்கள் இருப்பீர்கள். அண்ணனை முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் பேப்பர் வேண்டும். ஓய்வு பெற்றவர் பார்த்துச் சொன்னால் போதும் என்று அண்ணனே ஜம்புலிங்கத்திடம் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வந்து, நம்பர் இல்லாத கார் இருக்கிற வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காலை பத்து மணிக்கு மேல் போனால் போர்ட்டிகோவில் நல்ல வெளிச்சம் இருக்கும். ஸ்குரூ டிரைவர் உங்களுடையதாக இருக்கட்டும், அவருடையதைக் கேட்காதீர்கள். ஆறுதல் சொல்ல உட்காராதீர்கள், அதற்கு நிறையப் பேர் வந்து போய்விட்டார்கள். பார்ப்பதற்கு முன்னால் எதுவும் சொல்லாதீர்கள். பார்த்தபின் கண்ணில் பட்டதை மட்டும், இரண்டு பேரும் இருக்கும்போது, சத்தமாகச் சொல்லுங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் தளர்ந்திருக்கிறது என்றே சொல்லுங்கள். பாவம் என்று மாற்றிச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்லறைக்குப் போய்விடுவார்கள். மற்ற எந்த நாளானாலும் வீட்டில்தான் இருப்பார்கள். போய்ப் பாருங்கள்.